பக்கம் 44 முதல் 46 வரை: இதர

ராமேசுவரம் கோர்ட் வராந்தாவில்
நண்டு எண்ணுவதுபோல் எண்ணினாள் கித்தேரி.
லாபம். ரெண்டு. மூணு.
ஒன்று என்று தொடங்கத் தெரியாத வாய்,
பாம்பன் ஏலத்தில் பழகியது.
ஒவ்வொரு தாளுக்கும் விரலை நாக்கில் தொட்டாள்.
குற்றப்பத்திரிகையின் ஓரமெல்லாம் எச்சில்.
நான் பக்கத்தில் இல்லை.
டீ குடிக்கப் போயிருந்தேன்.

திரும்பி வந்ததும் கேட்டாள்:
"எத்தனைன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

அறுபத்தொன்று.
அதன்கீழ் நீலமாகத் தொம்மையின் பெருவிரல்.
பக்கத்தில் நான், பதிவு எண்ணோடு.
'நகல்கள் முழுமையாகப் பெற்றுக்கொண்டோம்.'
பதினான்கு வருடமாக அந்த வரிக்குக் கையெழுத்திடுகிறேன்,
ஒருமுறையும் எண்ணியதில்லை.

"அம்பத்தெட்டுதான் இருக்கு."

அட்டவணையைப் பிரித்தேன்.
பார்வை மகஜர், வரைபடம்,
எரிந்த விசைப்படகின் பதினோரு போட்டோ
(ஜெராக்ஸில் எல்லாம் கறுப்பு;
எது படகு, எது இரவு?)
நாற்பத்திநாலு முதல் நாற்பத்தாறு வரை
ஒரே சொல்: இதர.

அடுத்த வாய்தாவில் மனு.
அரசு வக்கீல் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
கெட்டவர் இல்லை, என் அப்பா இறந்தன்று
முதல் ஆளாக மாலையோடு வந்தவர்.
"மூணு தாள், ஜெராக்ஸ் கடையில விட்டுப்போயிருக்கும்.
வழக்குக்கு அவசியமில்லாதது."

அவசியமில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?
படித்திருக்கிறார்.
படித்த பிறகு சொல்கிறார்,
நீங்கள் படிக்க வேண்டியதில்லை என்று.
இதை நான் அங்கே சொல்லவில்லை.
உச்சிப்புளி பஸ்ஸில், பாலத்தின் நடுவில்,
காற்று ஜன்னலை அறைந்தபோது தோன்றியது.
என் நல்ல வாதங்கள் எல்லாம் கடலுக்குமேல்தான் வரும்,
கேட்க யாரும் இருப்பதில்லை.

கோர்ட்டில் பேசியவன் தொம்மை.
டவாலி அதட்டுமுன், கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி:
"ஐயா, வருசத்துக்கு அறுபத்தொரு நாள் தடைக்காலம்.
அம்பத்தெட்டு முடிஞ்சிருச்சு, பாக்கி மூணுதானேன்னு
நான் போட்டைக் கிளப்புனா
விடுவீங்களா?"

மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார்.
பிறகு திறந்தார்.
இரண்டு வாரத்தில் தரும்படி எழுதினார்.

தந்தது ஏழாவது வாரம்.
வாடை இறங்கிவிட்டது.
ராமநாதபுரம் ஜெயிலில் தொம்மைக்கு இருமல்.

நாற்பத்திநாலு: டோக்கன் ரிஜிஸ்டர்.
சனிக்கிழமை காலை அவன் ஓட்டும் படகு கடலுக்குப் போனது.
நாற்பத்தைந்து: ஞாயிறு ஆறேகாலுக்குத் திரும்பியது.
தீ இரண்டுக்கும் நடுவில்.
படகு போனது, சரி,
அவனும் அதில் போனான் என்று இனிமேல் காட்டவேண்டும்.
இருந்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

நாற்பத்தாறைக் கித்தேரிதான் நீட்டினாள்.
"இதையும் வாசிங்க."

'அன்றிரவு பத்து மணியளவில் தொம்மையை
ஜெட்டியில் டீசல் கேனுடன் பார்த்தேன்.'
போலீஸ் எழுதிய வாக்குமூலம், கையெழுத்து கிடையாது.
பெயர் மட்டும்:
இன்னாசி, தகப்பனார் பெயர் சவரியார்.

கித்தேரிக்கும் தகப்பனார் அவர்தான்.

"இன்னொரு தடவை."
வாசித்தேன்.
ஏழு வாரமாக அவள் வீட்டுக்கு அரிசி போட்டவன் இன்னாசி.
நேற்றுகூட வந்தானாம், பிள்ளைகளுக்கு மிச்சர் பொட்டலத்தோடு.
இது தெரியாமலே விசாரணைக்குப் போயிருந்தால், என்று ஆரம்பித்தேன்,
குறுக்கு விசாரணை என்ற சொல் வரைக்கும் போனேன்.
அவள் கேட்கவில்லை.

மூன்று தாளையும் அதனதன் இடத்தில் செருகி
கட்டை மடியில் தட்டி நேராக்கி
முதலிலிருந்து தொடங்கினாள்.
லாபம். ரெண்டு. மூணு.
நாற்பத்தாறில் விரல் நிற்கும் என்று பார்த்தேன்.
நிற்கவில்லை.

"சரியா இருக்கு" என்றாள்.
"இப்பப் போடுங்க கையெழுத்து."