ஒன்பதரை மில்லிமீட்டர்

செவ்வாய் இரவு பதினொன்றே காலுக்கு
மும்முனை மின்சாரம் வந்தது.
பின்பக்கத்து போரில் மோட்டார் போட்டார்கள்.
ட்யூப் லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.
அவ்வளவுதான்.
டிவியில் என் குதிரை பனிமலைச் சரிவில் உறைந்துவிட்டது,
ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி.

கன்சோலுக்குள்ளிருந்து
டிக், டிக், கொஞ்சம் இடைவெளி, டிக்.
பல்லி என்று நினைத்தேன்.
பல்லி சொன்னால் பலன் பார்க்கலாம்.
இதற்குப் பஞ்சாங்கத்தில் பக்கம் இல்லை.

பகலெல்லாம் மெடிக்கலில்
மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பவள் நான்.
பத்து எம்ஜி தீர்ந்துபோனால்
ஐந்தில் இரண்டு தரலாம்.
ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் கணக்கு செல்லாது.
இரண்டரை அங்குலம்,
தடிமன் ஒன்பதரை மில்லிமீட்டர்,
பன்னிரண்டரை வாங்கினால் உள்ளேயே போகாது.
மருந்துச்சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டிருந்தேன்.
ஓனர் எட்டிப் பார்த்து "யாருக்கு?" என்றார்.
"வீட்ல ஒருத்தருக்கு" என்றேன்.
பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் இறங்கி
திருவாரூர் பஸ் மாறி
கூத்தாநல்லூர்.
ஜக்கரியா மூன்றை எடுத்து கண்ணாடி மேல் வைத்தார்.
"இது நிமிஷத்துக்கு ஐயாயிரத்து நானூறு சுத்து. நிதானமா ஓடும்.
இது ஏழாயிரத்து இருநூறு. வேகம், ஆனா சூடு.
சித்திரைக்குத் தாங்குமான்னு என்னால எழுதித் தர முடியாது.
இது எஸ்எஸ்டி. சுத்தவே சுத்தாது.
பக்கத்துல மோட்டார் போட்டா என்ன, போடாட்டி என்ன."
விலையை மட்டும் வாயால் சொல்லவில்லை,
கால்குலேட்டரில் அடித்து என் பக்கம் திருப்பினார்.

நான்காவது ஒன்று டிராயரில் கிடந்தது.
பழசு, எண்ணூறு ரூபாய்.
"லேப்டாப்ல கழட்டினது, பாருங்க" என்று
ஒயரில் மாட்டித் திறந்தார்.
கொள்முதல் 2019.
பயிர் இன்சூரன்ஸ் மனு, இரண்டாம் தடவை.
வர்ஷினி காது குத்து, நூற்றுப் பன்னிரண்டு படம்.
புதிய கோப்புறை.
புதிய கோப்புறை 2.
"யாரோடது?"
"ரிப்பேருக்குக் குடுத்தாங்க. வரல. ரெண்டு வருஷமாச்சு."

மாட்டியதும் கன்சோல் கேட்கப்போகும் முதல் கேள்வி
எனக்குத் தெரியும்:
இதிலுள்ள அனைத்தும் அழியும், தொடரலாமா?
எண்ணூறு ரூபாய்க்குத் தொடரலாம்தான்.
அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகும்.
என் குதிரை நிற்க இடம் வேண்டுமென்று
அதன் காதை நான்

எஸ்எஸ்டியே கொடுங்க என்றேன்.
தீபாவளிச் சீட்டில் இரண்டு மாதத் தவணை போயிற்று.
"அதை என்ன பண்ணுவீங்க?"
"வேற யாராச்சும் கேட்டா குடுத்துருவேன்."
டிராயரை முழங்காலால் தள்ளி மூடினார்.

வாங்கியது ஏழு மில்லிமீட்டர்தான்.
மிச்ச இரண்டரைக்கு
பாராசிட்டமால் பெட்டியை மடித்துச் செருகினேன்.
நான்கு திருகாணியில் ஒன்று கட்டிலடியில் உருண்டு
இன்னும் கிடைக்கவில்லை.
மூன்றே தாங்குகிறது.

பிறகு அது கேட்டது:
நாற்பத்தாறு ஜிபி அப்டேட்.
என் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை.

திருத்துறைப்பூண்டிக்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.
மேட்டூர் திறந்த சேதி அன்றைக்கே வந்துவிடும்.
தண்ணீர்
தலைமடை குடித்து, நடுமடை குடித்து,
ஆகாயத்தாமரையில் சிக்கி,
முறை வைத்து
எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது
கணுக்கால் நனையும்.
நள்ளிரவு பன்னிரண்டுக்கு என் முறை.
ஒன்றரை பாயும், நிற்கும்.
பாய்ச்சலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்,
வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவள் மாதிரி.

செத்த டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை.
கடையில் காலாவதி மாத்திரைகளைத் திருப்பி அனுப்பச் சேர்த்து வைக்கும்
டப்பாவில் போட்டிருக்கிறேன்.
எந்தக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளும்,
தூக்கிய காலை இன்னும் கீழே வைக்காத ஒரு குதிரையை?

இன்று ஒன்பதாம் இரவு.
இருபத்தொன்பது சதவீதம்.
பின்பக்கத்தில் மோட்டார் போட்டார்கள்.
ட்யூப் லைட் கண்ணை மூடித் திறந்தது.
இருபத்தொன்பது
இருபத்தொன்பதாகவே இருந்தது.