நாற்பத்தேழாம் கோடு

மழை விட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம்.
ஈரமண் வாய் திறக்காது.
நனைந்த நிலத்தில் காமா கதிர்
பாதி வழியிலேயே மூச்சடங்கிவிடும்.
தக்கலை லாட்ஜில் சீட்டாடி, பழம்பொரி தின்று,
வானிலை அறிக்கையைத் திட்டியபடி
ஒன்பது நாள்.

பத்தாம் நாள் காலை ஆறே கால்.
முதலில் கடலுக்குப் போகவேண்டும், அதுதான் முறை.
முட்டம் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி
கீழே தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லாத இடம்.
அடியில் நிலம் என்ன பேசினாலும் மேலே கேட்காது.
அப்போதும் திரையில் எண்கள் ஓடும்:
விண்ணிலிருந்து வந்தவை கொஞ்சம்,
காற்றில் அலையும் ரேடான்,
ஹெலிகாப்டரின் உலோகம்,
கேப்டன் ரந்தாவாவின் தசையிலும் என் தசையிலும்
ஊறிக்கிடக்கிற பொட்டாசியம்.
அத்தனையையும் குறித்துக்கொள்வோம்,
பிறகு எல்லாக் கணக்கிலிருந்தும் கழிப்பதற்கு.
நிலத்தை எண்ணப் போகிறவன்
முதலில் தன்னைக் கழிக்க வேண்டும்.
கட்டுமரத்தில் ஒருவன் துடுப்பை உயர்த்திக் காட்டினான்.
அவனையும் சேர்த்துக் கழித்தோமா, தெரியாது.

நாற்பத்தேழாம் கோடு வேளிமலையில் தொடங்கும்.
பாறைக்கு மேல் அறுபது மீட்டர்.
ரப்பர் மரங்கள், வயிற்றைக் கலக்கும் சரிவு.
வாழைக்கு வைத்த பொட்டாஷ்
சிவப்புக் கோட்டை லேசாக ஆட்டும்.
குளம் வந்தால் எல்லாம் படுத்துவிடும்,
குளம் போனால் எழும்.
வள்ளியாற்றோடு கூடவே இறங்கி
சின்னவிளைக் கரையைத் தொட்டதும்
திரை கூரையில் இடித்தது.

தோரியம்.
நாங்கள் தேடி வந்தது அதை அல்ல.
யுரேனியக் கட்டத்திலும் எண் ஏறியது,
அது யுரேனியமும் அல்ல.
தோரியத்தின் கதிர் எங்கோ மோதிச் சிதறி
பலம் குன்றி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது.
அதற்கும் ஒரு கழித்தல் உண்டு.
கழித்தால் மிஞ்சியது எட்டு. ஒன்பது.
சில நொடி பூஜ்யத்துக்கும் கீழே.

மறுநாள் கைக்கருவியோடு தரைவழியே போனேன்.
பிரிஜித்தாள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.
"நேத்து தலைக்குமேல சுத்துனது நீங்களாக்கும்?"
ஆமாம்.
"இந்த மண்ணுல எவ்வளவு காட்டுது?"
எண்ணைச் சொன்னேன்.
"அது கூடுதலா, கொறவா?"
கூடுதல்.
"கூடுதல்னா வெல உண்டா?"

குனிந்து ஒரு கை அள்ளினாள்.
அலை பிரித்துவைத்த மணல்:
கறுப்பு, சிவப்பு, நடுவே தேன்நிறம்.
"இதில எது ஒங்களுக்கு?"
தேன்நிறத்தைத் தொட்டேன்.
அதுவும் நாங்கள் கேட்டு வந்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

"செரி, அது கெடக்கட்டு.
வலைமேல காயப்போட்ட நெத்திலி
ஒங்க காத்துல பறந்து மண்ணாப்போச்சு. அஞ்சு கிலோ.
அதுக்க கணக்க மொதல்ல பாரும்."

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.
வவுச்சரில் கையெழுத்து வாங்கினேன்.
தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது:
எந்தத் தலைப்பின் கீழ்?
எரிபொருள் உண்டு, விடுதி உண்டு,
படிகம் பழுதுபார்ப்பு உண்டு.
நெத்திலி இல்லை.

ஏழு மாதம் கழித்து வரைபடம் வந்தது.
தோரியத்துக்குப் பச்சை.
கரை நெடுக ஈரச் சுவரில் பாசி ஏறியதுபோல்.
பிரிஜித்தாளின் வீடு இரண்டு புள்ளி,
மூன்றாகவும் இருக்கலாம்.

வேலையற்ற ஒரு மதியம் மூலத் தரவைப் புரட்டினேன்.
நாற்பத்தேழாம் கோட்டின் கடைசியில்
உயரம் அறுபதிலிருந்து எண்பத்திரண்டுக்குத் தாவி
மூன்று நொடியில் இறங்கியிருக்கிறது.
சீராக்கியவர் "விமானி பிழை" என்று எழுதி
தழும்பு தெரியாமல் தேய்த்துவிட்டார்.

ரந்தாவாவுக்குப் போன் செய்தேன்.
யோசித்துச் சொன்னார்:
கீழே வெள்ளியாக ஏதோ எழுந்தது,
கை தானாக மேலே இழுத்தது.
மீன் என்றேன்.
சற்று நேரம் பேச்சில்லை.
பிறகு, எத்தனை கிலோ என்று கேட்டார்.
ஐந்து என்றேன்,
எதையும் கழிக்காமல்.