சமையலறையிலிருந்து முன்னூறு அடி

கொழுந்தன் கயெத்தான் குட்டி விமானம் பிடித்து
வடக்கே போயிருக்கிறான், பெரிய ட்ரவுட்டுக்கு.
நான் பின்கதவைத் திறந்து
நடந்தே வந்துவிட்டேன்.

பள்ளிப் பேருந்தின் காலை நடை முடிந்தது.
மாலை நடைக்கு நான்கு மணி நேரம்.
துரப்பணம் இரண்டடிப் பனிக்கட்டியைக் குடைந்து முடித்ததும்
கறுப்பாகப் பொங்கி
பூட்ஸை நனைத்தது ஏரி.

அறுபதடி ஆழத்தில் வெள்ளித் தகடு.
தூக்கு, விடு. தூக்கு, விடு.
கையுறைக்குள் யாருடையவோ விரல்கள்.
அதோ என் வீட்டுச் சுவரில்
துணி உலர்த்தும் எந்திரத்தின் ஆவி.
அடுப்பை அணைத்தேனா?

அப்போதுதான் இழுத்தது.
இழுத்தது என்பதுகூடப் பொய்,
ஏரியின் தரையே கொஞ்சம் நகர்ந்துகொண்டது.

நாற்பது நிமிடம்
நூல் போனது, வந்தது,
பனிக்கட்டி விளிம்பில் உரசியது.
கடைசியில் துளைக்குள் ஒரு தலை.
தலை மட்டும்.
மீனுக்கும் தோள் உண்டென்று
அன்றுதான் தெரிந்தது.
எட்டு அங்குலத் துளை. என் நம்பிக்கை
அவ்வளவுதான் போலிருக்கிறது.

மண்டியிட்டேன். இமையில்லாத கண்.
என்னைவிடப் பத்து வயது இளையதாக இருக்கலாம்.
நான் பாத்திரம் கழுவிய குளிர்காலமெல்லாம்
ஜன்னலுக்கு எதிரேதான்
இருந்திருக்கிறது.

குறட்டால் கொக்கியைத் திருகினேன்.
வந்த வழியே, வால் முதலாக,
அமிழ்ந்து போயிற்று.

சனிக்கிழமை கயெத்தான் வருவான், புகைப்படங்களோடு.
"உனக்கு?" என்பான்.
"ஒன்றும் மேலே வரலை" என்பேன். பொய்யில்லை.

அடுப்பு அணைந்துதான் இருந்தது.
பேருந்தைக் கிளப்புமுன்
கடைக்குப் போன் போட்டேன்:
பத்து அங்குல அலகு
என்ன விலை?