பதினாலு இஞ்ச்

காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு
ஒன்பது பையன்களை வரிசையிலிருந்து உருவினோம்.
சென்னியப்பன் சார் கையில் கத்திரி,
என் கையில் டேப்பு.
பேண்ட்டின் அடிச்சுற்று
பதினாலு இஞ்சுக்குக் குறையக் கூடாது:
பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாளில் நாலாவது வரி.
நான் குனிந்து அளந்தேன்,
எண்ணைச் சொன்னேன்,
அவர் வெட்டினார்.
கணுக்காலிலிருந்து முழங்கால் வரை
தையல் பிரிகிற சத்தம்
மைக்கை யாரும் அணைக்காததால்
பல்லடம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

பிளஸ் ஒன் தர்னீஷுக்குப் பன்னிரண்டு.
"ஸ்டைலுக்குத்தான் மிஸ் புடிச்சுத் தெச்சேன்" என்றான்
பொய் சொல்லத் தெரியாமல்.
அன்று முழுக்க
ரெக்கார்டு நோட்டுக்கு அடிக்கும் ஸ்டேப்ளர் பின்களால்
இரண்டு காலையும் மூடிக்கொண்டு
கடைசி பெஞ்சில் இருந்தான்.
போர்டில் ஒரு கணக்கு. எழுந்து வரச் சொன்னேன்.
"வரலீங் மிஸ்."
மறுபடி நான் கூப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம்
ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு
துளசிமணி வந்தார்.
பனியன் கம்பெனியில் செக்கிங்.
புருவத்தில் துணிப்பஞ்சு.
சண்டைக்கு வந்த குரலில்லை,
ரேஷன் கடையில் எடை கேட்கிற குரல்.

"அளவு தப்புத்தானுங் டீச்சர்.
ஆனா ஒண்ணு கேக்கறனுங்.
நாளைக்கு ஆயரத்தி எரநூறு பீஸ் பாக்கறேன்.
அளவு பத்தாட்டி ஸ்டிக்கர் ஒட்டி
அக்கட்டால வெப்பமுங்.
ஒரு ஆளு போட்டிருக்கறப்பவே வெட்டுன்னு
எந்த பையரும் இதுவரைக்கும் சொன்னதில்லீங்."

சென்னியப்பன் சார் ஒழுக்கம் என்று ஆரம்பித்தார்.
"செரிதானுங் சார்.
ஊட்டுக்கு ஒரு சீட்டுக் குடுத்திருந்தா
ராவோட ராவா பிரிச்சுத் தெச்சிருப்பனுங்.
துணி நான் வாங்குனது, காலு அவனுது.
நடுவுல கத்திரி யாருதுன்னுதான் தெரியலீங்."

எனக்கு கோபியில் முதல் வேலை ஞாபகம் வந்தது.
சுடிதாரில் போனதற்கு
தலைமையாசிரியர் அறைக்கு வெளியே
ஒரு பீரியட் முழுக்க நிறுத்தி வைத்தார்கள்.
கடந்து போன பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள்.
ஒவ்வொரு வணக்கத்துக்கும்
துப்பட்டாவை இழுத்து விட்டேன்.
சாயங்காலமே நாலு சேலை எடுத்தேன்.
அதைப் பக்குவம் என்று
பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

துளசிமணி மேஜையில் கிடந்த என் டேப்பை எடுத்தார்.
கைப்பழக்கம்தான்.
பையிலிருந்த தன் டேப்பைப் பக்கத்தில் நீட்டினார்.
"நைஞ்சு நீண்டு போச்சுங் டீச்சர்.
உங்கது அறுவதுன்னா என்றதுல அறுவத்திரண்டு.
நாங்க அப்பப்ப மாத்திருவமுங்."
வேறொன்றும் சொல்லவில்லை.
ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினார்.

வியாழக்கிழமை
தர்னீஷின் பேண்ட்டில் பட்டை வைத்துத் தைத்திருந்தது.
நீலத் துணி, வெள்ளை நூல்.
மெஷினில் அன்றைக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்ததாம்.
நூலின் நிறம் பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை.
திங்கட்கிழமை
மற்ற எட்டுப் பேர் காலிலும் வெள்ளைத் தையல்.
ஒருவனுடையது மட்டும் கோணல்,
அவனே தைத்திருப்பான்.
சார் பார்த்தார்.
பிரார்த்தனை வழக்கம்போல் நடந்தது.

அளவு குறித்த நோட்டு என்னிடம் இருக்கிறது.
பன்னிரண்டு, பதிமூன்று, மறுபடி பன்னிரண்டு,
அப்புறம் பதிமூன்றரை என்று நாலு பேர்.
நீண்டுபோன டேப்பில்
பதினாலு என்னவாகத் தெரியும் என்று
கெமிஸ்ட்ரி எடுக்கிற எனக்குக் கணக்குப் போட
அரை நிமிஷம் ஆகாது.
அந்த நாலு பெயரையும்
தனித்தாளில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன்.
ஹேண்ட்பேக்கில்,
சாவிக்குப் பக்கத்தில்.
இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.