பன்மை

மூன்று நாளாகப் பாய் விரிக்கவில்லை.
சுருட்டியது சுருட்டியபடியே சுவரோரம்,
ஓர் ஆள் குந்தியிருப்பதுபோல்.

பகல் ஷிப்ட் எழுதி வைத்திருந்தது:
'கணக்கெடுப்பின்போது உட்கார மறுத்தார். முரண்டு.'
டான் சிரித்தார். வாயாங் சார், எல்லாம் வாயாங்,
தனி அறையில் போட்டால் தெளிந்துவிடும்.
இருக்கலாம். நடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.
நடிக்கிறவன் என்னைப் பார்த்து நடிப்பான்.
இவன் என்னைப் பார்ப்பதே இல்லை.

இரவு இரண்டே கால்.
சாங்கிக் கடல்மேல் ஒரு விமானம் தாழ்ந்து ஓய்ந்த பிறகும்
இளம்பரிதி கூரையைப் பார்த்தபடி நின்றான்.
காற்றுத் துளைகளைச் சோறு பிசைந்து அடைத்திருந்தான்,
ஒவ்வொரு துளையாக, பொறுமையாக.
பருக்கைகள் காய்ந்து வெளுத்திருந்தன.
"சாப்பிடலையா?"
பதில் வர நேரமானது.
யோசிக்கிறவன் எடுத்துக்கொள்ளும் நேரம் அல்ல.
தொலைபேசியில் மறுமுனை பேசி முடிக்கட்டும் என்று
காத்திருப்போமே, அந்த நேரம்.
"வேணாம்னு சொல்றாங்க."
"யாரு?"
தலைக்கு மேலே விமானம் போகையில்
'என்ன, சத்தமா?' என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல்
முதன்முறையாக என்னைப் பார்த்தான்.

வகுப்பில் படம் போட்டுச் சொன்னார்கள்:
தூக்கம், குளியல், தனக்குள் பேச்சு.
கட்டம் கட்டமாக டிக் அடித்தேன், எண்பத்தெட்டு மதிப்பெண்.
அடுத்த மாதமே நான்காம் மாடியில் ஒருவர்
குளிக்காததைச் சோம்பல் என்று எழுதினேன்.
அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

எனக்கு 'யோவ்'. டானுக்கு 'டேய்'.
பெற்ற அப்பனுக்கே கடிதத்தில் ஒருமை.
அப்பேர்ப்பட்டவன் இருட்டைப் பார்த்து
"சரிங்க. சொல்லுங்க. நிக்கிறேங்க" என்றான்.
அந்த 'ங்க'வில் என் முதுகு சில்லிட்டது.

'முரண்டு' மேல் கோடு போட முடியாது,
வேறொருவர் கையெழுத்து.
அதன் கீழே எழுதினேன்: கேட்கிறார், நமக்குக் கேட்காததை.
அறிக்கையில் இப்படி எழுதக்கூடாது. அடித்தேன்.
நேரம், சோறு, நின்ற மணிக்கணக்கு,
சொன்ன சொல் சொன்னபடியே.
பிறகு தாதியை எழுப்பினேன்.

விடியுமுன் வண்டி வந்தது, புவாங்கோக் போக.
விலங்கு மாட்ட, தானே கையை நீட்டினான்.
வாசலில் நின்றான். பின்னால் திரும்பி
"பாத்து வாங்க, படி இருக்கு."

டான் சிரிக்கவில்லை.
கதவைச் சாத்தப் போன நான்
இன்னும் ஒருவர் வெளியேறும் நேரம்
அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.