பிற

சட்பரி. ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பிரசவ வார்டின் முகப்பில் எனக்கு இரவு ஷிப்ட்.
பெயர்: கனெங். வயது: இருபத்தாறு.
மொழி?

அம்புக்குறியை அழுத்தப் பட்டியல் உருண்டது.
தகாலாக், தமிழ், தெலுங்கு.
என் மொழியைக் கடக்கும்போதெல்லாம்
ஒரு சின்னக் கர்வம் வரும்,
அன்றைக்கு அது கூசியது.
பெரோம் இல்லை.
கடைசி வரி மட்டும் மிச்சம்:
பிற.

"நைஜீரியாதானே, ஹவுசா போடு" என்றாள் லிசெட்.
ஒட்டாவாவிலிருந்து போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர்,
நல்ல மனிதர், பணிவான குரல்.
கனெங்குக்கு ஹவுசா தெரியும்.
சந்தைக்கு அது போதும், பேருந்துக்குப் போதும்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏனென்று நான் கேட்கவில்லை.
சோதனைச் சாவடியில் நின்று கற்ற மொழி ஒன்று
எனக்கும் உண்டு.
வலிக்கும்போது அது வாயில் வராது.

போன மாதம் பரிசோதனைக்கு வந்தவள்
நன்றாகத்தான் ஆங்கிலம் பேசினாள்.
பையிலிருந்து ஒரு பொட்டலம் பிரித்து
"அச்சா" என்றாள்.
இந்தி அச்சா இல்லை, தானியம்.
அதன் பக்கத்தில் வைத்தால் தினை பூசணிக்காய்.
அவள் ஊரிலும் சுரங்கமாம், வெள்ளீயம்.
தோண்டியவர்கள் கப்பலேறிய பிறகு
பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டது,
அதை இறைத்து உருளைக்கிழங்கு போடுகிறார்களாம்.
சிரித்துக்கொண்டே சொன்னாள்:
"கியாங் இங்கே வந்தும் குழிக்குள்தான்."

அந்தக் கியாங் இப்போது
நாலாயிரம் அடிக்குக் கீழே நிக்கலோடு.
சிக்னல் இல்லை.

அவள் போனை வாங்கி அக்காவை அழைத்தேன்.
இங்கே இரவு பதினொன்று,
ரியோமில் விடியற்காலை ஐந்து.
தூக்கக் குரலில் சுந்துங்.
ஸ்பீக்கரைப் போட்டேன்.

ஒரு சொல் ஏறியது, அதே சொல் இறங்கியது,
இரண்டும் ஒன்றில்லை என்று மட்டும் புரிந்தது.
கனெங் இந்தப் பக்கம் திரும்பினாள்.
கத்தினாள்.
அதுவரை அவள் கத்தவே இல்லை.
"என்ன சொல்கிறாள்?" என்றாள் லிசெட்.
"தெரியாது. நிறுத்தாதே."

கள்ளி வேலிக்கு அப்பால் எங்கோ
ஒரு சேவல் கூவியது.
சட்பரி பிரசவ வார்டில், நடு இரவில், சேவல்.
லிசெட் சன்னலைப் பார்த்தாள்.

மறுபடி மேசைக்கு வந்தபோது
திரையில் அந்தச் சொல் அப்படியே நின்றது.
பிற.
பதினொரு வருடமாக அழுத்துகிறேன்,
அது வினைச்சொல்லும்தான் என்று
இன்றைக்குத்தான் பட்டது.

கதவுக்குப் பின்னால் அழுகை கேட்டது.
எந்த மொழி என்று
யாரும் இன்னும் கேட்கவில்லை.