எட்டாவது ஆள்

பாலக்கோட்டுக்குத் தெற்கே
சீகலஅள்ளி ஏரியில்
மண்ணுக்குத்தான் அளவு.
இத்தனை அடி நீளம், இத்தனை அகலம், ஆழம்.
எனக்குக் குழி கிடையாது.
என் பெயருக்கு நேராக எழுதியிருப்பது
ஏழு பிள்ளைகளும்
கரைமேல் ஒரு புங்கமரமும்.

"நெழல்ல குந்திக்கினு கூலி வாங்கறா"
சாக்கம்மா ஜாடை பேசுவாள்.
பேசிவிட்டுத் தன் மாதேஷை
என் பாயில்தான் விட்டுப் போவாள்.

நிழல் எங்கே குந்துகிறது?
ஒன்பது மணிக்கு மேற்குச் சரிவில் பாய் விரித்தால்
பத்தரைக்கு மிதுலாவின் கால் வெயிலில் கிடக்கும்.
தூங்குகிறவளோடு சேர்த்துப் பாயை இழுக்க வேண்டும்.
உச்சிவேளையில் மரம்
தன் நிழலைத் தானே தின்றுவிடும்.
வேரைச் சுற்றி ஏழு பேரும்
கண் திறக்காத நாய்க்குட்டிகளாய் ஒட்டிக்கொள்வார்கள்.
அப்புறம் அது கரையைத் தாண்டி
கிழக்கே முள்ளுக்குள் இறங்கும்.
முள்ளைப் பெருக்கிவிட்டு
நாங்களும் இறங்குவோம்.

தூளிமேல் துண்டைப் போர்த்தாதே என்று
ருக்குவுக்கு மூன்று முறை சொல்லியாயிற்று.
வெயில் படாதுதான்.
காற்றும் படாது.
உள்ளே இட்லிப்பானை.

அவள் மகள் லேகாவுக்கு ஐந்து மாதம்.
உச்சிக்குழி இன்னும் மூடவில்லை,
விரல் வைத்தால்
தவளைத் தொண்டை மாதிரி அடிக்கிறது.
தண்ணீர் கொடுக்கிற வயசில்லை.
உதடு காய்ந்தால் கையைத் தட்டுவேன்.
மண்வெட்டியைப் போட்டுவிட்டு
ஈரத்துணியால் மார்பைத் துடைத்தபடி
ருக்கு ஏறி வருவாள்.

இரண்டரைக்கு செல்போன் படம்.
எல்லோரும் மேற்கே பார்த்து நிற்க வேண்டும்,
வெயில் முகத்தில் விழுந்தால்தான் ஆள் தெரியுமாம்.
ஆறு பேர் தூக்கம்.
லேகா மட்டும் என் கையில், முழித்துக்கொண்டு.

போன வியாழக்கிழமை
முதுகைக் காட்டி நின்றேன்.
படத்தில் முகம் இல்லை.
கூலியில் ஒரு நாள் இல்லை.

இன்றைக்கு
முதுகு சூரியனுக்கு,
கழுத்தை மட்டும் திருப்பினேன்
ஆந்தையைப் போல.
வரிசையே சிரித்தது.
பொறுப்பாளர் சென்னம்மா படத்தைப் பெரிசாக்கி
விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள்.
"நீ இருக்கற. கொழந்த எங்க?"

எங்கேயும் தெரியவில்லை.
என் நிழலுக்குள்
கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை விட்டதும் சாக்கம்மா வந்தாள்.
விரலெல்லாம் சேறு.
புறங்கையை மாதேஷின் தலையில் வைத்துப் பார்த்தாள்,
கன்னத்தில், கழுத்தில்.
ஒன்றும் சொல்லவில்லை.
பாயை உதறி மடித்துத் தந்தாள்.

கழுத்து பிடித்துக்கொண்டது.
நாளையிலிருந்து ஏரிக்குள்
இன்னும் தள்ளி வெட்டுகிறார்களாம்.
அங்கே கைதட்டல் கேட்காது.
வீட்டில் நசுங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்று கிடக்கிறது,
கரண்டியோடு எடுத்து வர வேண்டும்.